டிஎக்ஸ்-பாலில் பாட்டு இருந்ததா, இல்லையா?

#1 மட்டையும் பந்தும்

வணக்கம். ஒரு சின்ன சந்தேகம்தான், ஆனால் ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது.

1999-ல் பெரியப்பா வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அந்தக் கோடை விடுமுறை முழுக்க நானும் அக்காவும் அங்கேதான் கிடந்தோம். விண்டோஸ் 95, இரண்டு குட்டி ஸ்பீக்கர், டிஎக்ஸ்-பால். கீழே மட்டை, மேலே கலர் கலராகக் கற்கள், பந்தைத் தட்டித் தட்டி எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். மண்டையோடு போட்ட மாத்திரை விழுந்தால் மட்டை வெடித்துச் சிதறும். பெரியப்பா மகன் மவுஸை விடவே மாட்டான், அது வேறு கதை.

என் நினைவில் அந்தக் கேமுக்குப் பின்னணி இசை ஒன்று உண்டு. பொம்மைக் கீபோர்டில் வாசித்ததுபோல, துள்ளலாக, அடியில் டிரம்ஸோடு. பந்து வேகமெடுத்தால் பாட்டும் வேகமெடுக்கும். மெட்டை இப்போதும் என்னால் முணுமுணுக்க முடியும்.

போன வாரம் பழைய சிடி ஒன்றிலிருந்து அதே கேமை எடுத்து ஓட்டினேன். டொய்ங் என்ற சத்தம் இருக்கிறது, கண்ணாடி உடைகிற சத்தம் இருக்கிறது. பாட்டைக் காணோம். என் சிடியில் கோளாறா, என் தலையில் கோளாறா?

#2 ஸ்டார்ட் பட்டன்

நீங்கள் சொல்வது டிஎக்ஸ்-பால் 2. இரண்டையும் குழப்பிக்கொண்டீர்கள். அவ்வளவுதான், இழையை மூடலாம்.

#3 ஃப்ளாப்பி காலம்

இவ்வளவு சீக்கிரம் மூடிவிட்டால் எப்படி பாஸ்? கொஞ்சம் பேசுவோம்.

முதல் டிஎக்ஸ்-பால் 1996-ல் வந்தது. எழுதியவர் மைக்கேல் வெல்ச். முழுக்க இலவசம், 50 லெவல். அமிகா கணினியில் எட் மேக்கியும் அல் மேக்கியும் செய்த மெகாபால் என்ற விளையாட்டுதான் இதற்கு முன்மாதிரி. பெயரில் இருக்கும் டிஎக்ஸ் என்பது டைரக்ட்எக்ஸ், விண்டோஸில் கேம் ஓட உதவும் மென்பொருள். மைக்ரோசாஃப்ட் அதை வெளியிட்டது 1995-ல்தான் என்பதால், அப்போது அது சூடான புதுச் சரக்கு.

டிஎக்ஸ்-பால் 2 வந்தது 1998-ல், கனடாவின் லாங்போ டிஜிட்டல் ஆர்ட்ஸ் வழியாக. கொஞ்சம் இலவசமாக விளையாடலாம், மற்ற லெவல் தொகுப்புகளுக்குக் காசு. அதில் இசை உண்டு. சைட்விண்டர் என்ற பெயரில் டிராக்கர் (ஒலித் துண்டுகளைக் கோத்துப் பாட்டு கட்டும் மென்பொருள்) இசை செய்துவந்த எரிக் கீசகேயின் எலக்ட்ரானிக் இசை. முதல் பாகத்தில் சத்தங்கள் மட்டும்தான், பின்னணி இசை கிடையாது.

லாங்போ என்றதும் இதையும் சொல்ல வேண்டும். அது ஒரு குடும்பம் சேர்ந்து நடத்திய சிறு நிறுவனம். அதன் தலைமை நிரலாளர் ஷேமஸ் மெக்னாலி. அவர்களுடைய ட்ரெட் மார்க்ஸ் என்ற டாங்கி விளையாட்டு 2000-ல் சுயாதீன கணினி விளையாட்டு விழாவின் முதல் பரிசை வாங்கியது. அடுத்த சில நாட்களிலேயே அவர் புற்றுநோயால் இறந்துபோனார். வயது 21. இன்றைக்கும் அந்த விழாவின் பெரும்பரிசுக்கு அவர் பெயர்தான்.

#4 மட்டையும் பந்தும்

நன்றி அண்ணே. மெக்னாலி விஷயம் எனக்குத் தெரியாது, மனசு கனத்துவிட்டது.

ஆனால் பெரியப்பா வீட்டு மெஷினில் இரண்டாம் பாகம் இருந்ததே இல்லை. அதன் இசையையும் நேற்று யூட்யூபில் கேட்டுப் பார்த்தேன். கனமான, சுழன்று சுழன்று வருகிற எலக்ட்ரானிக் இசை. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் சொல்கிறது அது இல்லை. என்னுடையது இதைவிட மெலிசு, பீப்பி மாதிரி.

#5 நாலு சேனல்

பழைய டிராக்கர் ஆள் நான். முதல் பாகத்தில் இசை இல்லாததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 1996-ல் இலவச விளையாட்டு எழுதியவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். உங்கள் கேம் மோடத்தில் இறங்க வேண்டும், 1.44 எம்பி ஃப்ளாப்பியில் கைமாற வேண்டும். கடையில் விற்ற விளையாட்டுகள் சிடியிலேயே பாட்டை டிராக்காகப் பதித்துக் கொடுத்தன. சிடி தரத்தில் நாலு நிமிடப் பாட்டு ஒன்றுக்கு 42 எம்பி. ஃப்ளாப்பிக்காரருக்கு அந்தக் கனவே கூடாது. எம்பி3 ஆக்கினாலும் 4 எம்பி பக்கம் வரும். அதோடு, அன்றைய பென்டியம் 75 எம்பி3 வாசிப்பதிலேயே மூச்சு வாங்கிவிடும், பந்தை யார் நகர்த்துவது?

அப்போது ஏழைகளுக்கு இருந்த நல்ல வழி மாட். 1987-ல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி அமிகாவுக்காக எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கரில் பிறந்த வடிவம். ஒரு டிரம் அடி, ஒரு பேஸ் நரம்பு, ஒரு தந்திக் கூட்டம் என்று துண்டுத் துண்டு ஒலிகள் ஃபைலுக்குள்ளேயே இருக்கும். எந்த ஒலியை எந்தச் சுருதியில் எப்போது அடிக்க வேண்டும் என்ற குறிப்பும் கூடவே இருக்கும். நம் ஸ்வரத்தாள் மாதிரி, ஆனால் மேலிருந்து கீழே ஓடும். ஒரு பேட்டர்னுக்கு (பாட்டின் ஒரு துண்டு) 64 வரி, நாலு சேனல் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்கள்), ஒவ்வொரு கட்டத்துக்கும் 4 பைட். பெருக்கிப் பாருங்கள், சரியாக 1024 பைட். வழக்கமான வேகத்தில் அது 7.68 விநாடி ஓடும். முழுப் பாட்டின் குறிப்பே 20, 30 கேபிக்குள் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் ஒலித் துண்டுகளின் எடைதான். அதில் கஞ்சத்தனம் செய்தால் 100 கேபிக்குள் மூன்று நிமிடப் பாட்டு தயார்.

ஏன் நாலு சேனல்? அமிகாவின் பாலா என்ற ஒலிச் சிப்பில் நாலே குரல்தான். இரண்டு முழுக்க இடது காதுக்கு, இரண்டு முழுக்க வலது காதுக்கு. ஹெட்போனில் கேட்டால் மூளை இரண்டாகப் பிளப்பதுபோல இருக்கும். கார்டு (மூன்று ஸ்வரம் சேர்ந்தது) வைக்க சேனல் போதாது என்பதால், அந்த மூன்றையும் விநாடிக்குப் பல முறை மாற்றி மாற்றி அடிப்பார்கள். பழைய கேம் பாட்டுகளில் வரும் ‘ட்ரிரிரிரி’ அதுதான். குறையை மறைக்கச் செய்த வேலை, பிறகு அதுவே பாணியாகிவிட்டது.

இந்த ஃபைல்களில் எனக்குப் பிடித்த இன்னொன்று உண்டு. ஒலித் துண்டுகளுக்குப் பெயர் எழுத இடம் இருக்கும். டிராக்கர்காரர்கள் அதில் பெயர் எழுதவே மாட்டார்கள். வரி வரியாகக் கடிதம் எழுதுவார்கள். நண்பர்களுக்கு வணக்கம், இந்தப் பாட்டை ராத்திரி மூன்று மணிக்கு முடித்தேன், திருடாதே என்றெல்லாம்.

கணினிக்கு அது மாட் ஃபைல்தானா என்று தெரிவது எப்படி? 1080-வது பைட்டில் எம்.கே. என்று எழுதியிருக்கும். பாகவதர் இல்லை! மைக்கேல் கிளெப்ஸ் என்பவரின் முதலெழுத்து என்கிறார்கள் சிலர். மஹோனி, காக்டஸ் என்ற இரண்டு பேரின் எழுத்து என்கிறார்கள் வேறு சிலர். அந்தச் சண்டைக்கு வயது முப்பதுக்கு மேல்.

#6 புதுவரவு

நாலு சேனல் ஐயா, எனக்கு இதெல்லாம் புதுசு. அவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் மிடி ஃபைல் போட்டிருக்கலாமே? அது இன்னும் சின்னதுதானே?

#7 நாலு சேனல்

ஐயா எல்லாம் வேண்டாம் தம்பி, அவ்வளவு வயசாகவில்லை.

சின்னதுதான், பல பாட்டுகள் 30 கேபிகூட வராது. சிக்கல் என்னவென்றால் மிடியில் ஒலியே கிடையாது, குறிப்பு மட்டும்தான். ‘இங்கே டிரம்பெட் வாசி’ என்று எழுதியிருக்கும். அந்த டிரம்பெட் எப்படி ஒலிக்கும் என்பது உங்கள் சவுண்ட் கார்டின் தலையெழுத்து. ஏடபிள்யுஇ32 மாதிரி விலை உயர்ந்த கார்டில் ஆர்கெஸ்ட்ரா கேட்கும். சாதாரண சவுண்ட் பிளாஸ்டரிலும் அதன் நகல்களிலும் யமஹாவின் ஓபிஎல்3 சிப் இருக்கும். அலையை அலையால் குலுக்கி ஒலி உண்டாக்குகிற எஃப்எம் சிப் அது. டிரம்பெட், வயலின், கிதார் எல்லாமே அதில் பிளாஸ்டிக் பீப்பிதான். எழுதியவர் தன் மெஷினில் கேட்டு மகிழ்ந்த பாட்டு, வாங்கியவர் வீட்டில் பம்பரம் சுத்துகிற மாதிரி கேட்கும். மாட் எங்கே ஓட்டினாலும் அதே ஒலி. அதனால்தான் கேம் எழுதுகிறவர்கள் அதை விரும்பினார்கள்.

இன்னொன்று, அன்றைய விண்டோஸில் மிடியைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒரு திக்கல் விழும். பாட்டு முடிந்தது என்று தகவல் வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் அல்லவா? கேட்டவர்களுக்கு அந்த இடைவெளி மறக்காது.

#8 கருப்புத் திரை

இசை போட முடியவில்லை, இடம் இல்லை என்றெல்லாம் அனுதாபப்படுகிறீர்கள். நான் கேட்கிறேன், இந்த வகை விளையாட்டுக்கு இசை எதற்கு?

1976-ல் அடாரியின் பிரேக்அவுட்டில் வெறும் பிளிப் சத்தம்தான். 1986-ல் டைட்டோவின் ஆர்கனாய்டு வந்தபோது ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு சின்ன மெட்டு, ஆட்டம் முடிந்தால் ஒன்று. செய்தவர் ஒகுரா ஹிசயோஷி. அற்புதமான மெட்டு, ஆனால் பந்து கிளம்பியதும் அவர் வாயை மூடிக்கொள்வார். பந்து சுவரில் பட்டு, கல்லில் பட்டு, மட்டைக்குத் திரும்பி வருகிற டிக்... டிக்டிக்... டொய்ங் தான் தாளம். ஆடுகிறவனின் கை அந்தத் தாளத்தைத்தான் பிடிக்கிறது. பந்து மேலே கற்களுக்குப் பின்னால் புகுந்துவிட்டால் டடடடட என்று மிருதங்கம் மாதிரி பொரிந்து தள்ளும். பிறகு திடீரென்று அமைதி, பந்து கீழே வருகிறது, டொய்ங். இதன் மேல் ஒரு பாட்டைப் போடுவது தனி ஆவர்த்தனம் நடக்கும்போது பக்கத்தில் ரேடியோ வைப்பது போல.

மைக்கேல் வெல்ச் வேண்டுமென்றே விட்டாரா, இடமில்லாமல் விட்டாரா, எனக்குக் கவலையில்லை. விட்டது சரி.

#9 ஜாய்ஸ்டிக் ஜமீன்

கருப்புத் திரை அண்ணனோடு முழுக்க மோதுகிறேன். அதே ஆர்கனாய்டு 1987-ல் கமடோர் 64-க்கு வந்தபோது மார்ட்டின் கால்வே போட்ட இசையைக் கேட்டிருக்கிறீர்களா? அந்தக் கணினியின் சிட் சிப்பில் மூன்றே குரல். பதிவு செய்த ஒலியை வாசிக்க அது படைக்கப்படவே இல்லை. ஆனால் அதன் வால்யூம் குமிழை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால் ஸ்பீக்கரில் ஒலி கிளம்பும். அந்த ஓட்டையைப் பிடித்து நான்காவது குரலாகப் பதிவு டிரம்ஸை உள்ளே கொண்டுவந்தார் மனிதர். நான் அந்தக் கேமை ஆடியதைவிடத் தலைப்புத் திரையிலேயே விட்டுக் கேட்டதுதான் அதிகம்.

#10 கருப்புத் திரை

‘தலைப்புத் திரையிலேயே விட்டு’ என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். என் கட்சிக்கு வருக வருக.

#11 ஜாய்ஸ்டிக் ஜமீன்

அட, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் :)

#12 இரவு ஷிப்ட்

இசை பற்றித் தெரியாது, சத்தம் பற்றிச் சொல்கிறேன். டிஎக்ஸ்-பால் ஃபோல்டரைத் திறந்தால் ஒலிகள் எல்லாம் உதிரி வேவ் (பதிவு செய்த ஒலி) ஃபைல்களாகக் கிடக்கும். பாய்ங், கிளாஸ், பேஸ்டிரம், பைபால் என்று பெயர்கள். எங்கள் மெஸ்ஸில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மைக்கில் ‘ஐயய்யோ போச்சே’ என்று பதிவு செய்து பைபால் இடத்தில் போட்டுவிட்டோம். பந்து கீழே விழும்போதெல்லாம் சமையல் மாஸ்டரின் குரல் கேட்கும். அவரே வந்து விளையாடித் தோற்றபோது தன் குரலைக் கேட்டு ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். அன்று இரவு ரசத்தில் உப்பு இல்லை.

#13 ஸ்டார்ட் பட்டன்

மறுபடி நானே. கேள்விக்கு வருவோம். பெரியப்பா மகன் பின்னால் வின்ஆம்ப் என்ற பாட்டு பிளேயரில் பாட்டு ஓடவிட்டிருப்பார், உங்கள் சின்ன மூளை அதைக் கேமின் இசை என்று எடுத்துக்கொண்டது. வின்ஆம்பில் மாட் ஃபைல்கூட ஓடும்.

#14 நாலு சேனல்

யோசனை நல்லதுதான், ஆனால் விண்டோஸ் 95-ல் உதைக்கும். அன்றைய பெரும்பாலான சவுண்ட் கார்டுகளில் வேவ் ஒலிக்கு ஒரே வாசல். வின்ஆம்ப் அதைப் பிடித்து உட்கார்ந்திருந்தால் பின்னால் வருகிற கேமுக்கு ஒலி கிடைக்காது, ஊமையாக ஓடும். ‘வேறு நிரல் பயன்படுத்துகிறது’ என்ற அறிவிப்பைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பார்கள். அவருக்கோ டொய்ங், கண்ணாடி, பாட்டு எல்லாமே சேர்ந்து கேட்டிருக்கிறது.

ஆக, பாட்டு வேறு வாசல் வழியாக வந்திருக்க வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஆடியோ சிடி. சிடி டிரைவிலிருந்து சவுண்ட் கார்டுக்கு ஒரு மெல்லிய வயர் நேராகப் போகும், விண்டோஸுக்கே அதில் வேலை கிடையாது. இன்னொன்று மிடி. எஃப்எம் சிப் தனிக் கருவி, வேவ் வாசல் அடைபட்டிருந்தாலும் அது பாட்டுக்கு வாசிக்கும்.

‘பீப்பி மாதிரி’ என்றாரே, எனக்கு அந்த வார்த்தையில்தான் கண். மட்டையும் பந்தும், அந்த மெஷினில் சிடி டிரைவ் இருந்ததா? பாட்டு சுற்று முடிந்து திரும்பும்போது ஒரு நொடி நிற்குமா?

#15 மட்டையும் பந்தும்

சிடி டிரைவ் கிடையாது! கேமே ஃப்ளாப்பியில்தான் வந்தது. (சிடியில் நான் பிறகு ஏற்றிக்கொண்டேன்.)

நிற்குமா என்று எனக்கு நினைவில்லை. அக்காவுக்கு போன் போட்டேன். மெட்டை முணுமுணுத்ததும் சிரித்துவிட்டாள். ‘அது கேம் பாட்டு இல்லடா, அவன் விளையாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டப்பா திறந்து பிளே அமுக்குவான், அப்புறம்தான் கேம். நடுவுல பாட்டு நின்னு மறுபடி வரும், நின்ன நேரத்துல நீ பந்தை விட்டுடுவே’ என்கிறாள். எனக்கு அந்த டப்பா சுத்தமாக நினைவில்லை.

#16 ஃப்ளாப்பி காலம்

அந்த டப்பா மீடியா பிளேயர். பழைய சாம்பல் நிறத்து மீடியா பிளேயர், ஆப்ஷன்ஸில் ‘ஆட்டோ ரிபீட்’ என்று ஒரு கட்டம் இருக்கும்.

இணையம் இல்லாத வீட்டில் மிடி ஃபைல் எங்கிருந்து வரும்? விண்டோஸோடு வந்தது மட்டும்தான். விண்டோஸ் ஃபோல்டருக்குள் மீடியா என்று ஒன்று, அதற்குள் கேன்யன். ஜார்ஜ் ஸ்டோன் என்பவர் பாஸ்போர்ட் டிசைன்ஸ் என்ற இசைமென்பொருள் நிறுவனத்துக்காகச் செய்தது. விண்டோஸ் 3.1 காலத்திலிருந்தே கூட வந்துகொண்டிருந்தது. துள்ளலான மெட்டு, அடியில் டிரம்ஸ், இரண்டு நிமிடம் போல ஓடும்.

கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஓபிஎல்3 சிப்பில் பதிந்ததாகத் தேடிக் கேளுங்கள். இன்றைய விண்டோஸில் அப்படியே ஓட்டினால் ரோலண்ட் என்ற இசைக்கருவி நிறுவனத்திடம் உரிமம் வாங்கிய ஒலிகளில் வாசிக்கும், உங்களுக்கு அடையாளமே தெரியாது.

#17 புதுவரவு

சீட்டின் நுனியில் உட்கார்ந்திருக்கிறேன்.

#18 மட்டையும் பந்தும்

அதேதான்.

முதலில் சாதாரணமாக ஓட்டினேன். மெட்டு அதுதான், ஆனால் யாரோ வேட்டிக்குப் பதில் கோட் போட்டு வந்த மாதிரி இருந்தது. பிறகு எஃப்எம் சிப்பைப் போலச் செய்கிற ஒரு பிளேயரில் போட்டேன். முதல் நாலு ஸ்வரத்திலேயே பெரியப்பா வீட்டு மாடி அறையின் வெக்கையும் அந்த ஸ்டெபிலைசர் ஊளையும் திரும்பி வந்துவிட்டன. இருபது தடவையாவது கேட்டிருப்பேன். வீட்டில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. பந்து வேகமெடுத்தால் பாட்டும் வேகமெடுக்கும் என்று எழுதினேன் அல்லவா? தனி டப்பாவில் ஓடுகிற பாட்டுக்குப் பந்தின் வேகம் எப்படித் தெரியும்?

#19 நாலு சேனல்

தெரியாது. மிடி அதே வேகத்தில்தான் ஓடியிருக்கும். மெஷின் திணறியிருந்தாலும் பாட்டு மெதுவாகுமே தவிர வேகமாகாது.

#20 கருப்புத் திரை

ஃபாஸ்ட் பால் மாத்திரையைப் பிடித்தால் பந்து பறக்கும், டிக்டிக் எல்லாம் நெருக்கமாக விழும். உங்கள் காது அதைப் பாட்டின் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டது. மிருதங்கக்காரர் வேகமெடுத்தார், நீங்கள் வயலின்காரரைப் பாராட்டிவிட்டீர்கள். நான் எட்டாவது பதிவில் சொன்னதேதான் :)

#21 ஜாய்ஸ்டிக் ஜமீன்

இருந்தாலும் பாட்டோடு ஆடியதைத்தானே அவர் 25 வருஷம் ஞாபகம் வைத்திருக்கிறார்? சும்மா கேட்டேன்.

#22 மட்டையும் பந்தும்

நேற்று இரவு இரண்டையும் சேர்த்து ஓட்டினேன். ஒரு பக்கம் பிளேயர், இன்னொரு பக்கம் கேம். மூன்றாவது லெவலில் ஃபாஸ்ட் பாலைப் பிடித்தேன். பாட்டு வேகமெடுத்தது. இல்லை என்று தெரிந்தும் வேகமெடுத்தது.

பெரியப்பா மகனுக்கும் இந்த இழையின் சுட்டியை அனுப்பியிருக்கிறேன். இப்போது வங்கியில் பெரிய வேலையில் இருக்கிறான். ‘அந்தப் பாட்டை நான் ஏன் போட்டேன் தெரியுமா, அது திரும்ப ஆரம்பிக்கிற இடத்துல நீங்க ரெண்டு பேரும் அவுட் ஆவீங்க, மவுஸ் சீக்கிரம் என் கைக்கு வரும்’ என்று பதில் போட்டிருக்கிறான்.

#23 இரவு ஷிப்ட்

அவர் வங்கிக்குப் போனதில் ஆச்சரியமே இல்லை.